ருக்கையா அம்மையாரின் தோளுக்கு உதைக்காத தோட்டா கோரி

அனுப்புநர்:
ரா. ஜெயபாரதி,
இயன்முறை சிகிச்சையாளர்,
(தற்போது நோயாளிகள் எவரும் ஒதுக்கப்படாமல் கோப்பு அறையில்),
அபுதாபி.

பெறுநர்:
டாக்டர் சேதுமாதவன் அவர்கள்,
மருத்துவக் கண்காணிப்பாளர்,
நமது மருத்துவமனை,
அபுதாபி.

பொருள்: தோள் அறுவை சிகிச்சை செய்துகொண்ட திருமதி ருக்கையா அவர்கள், மான் வேட்டைக்கு எடுத்துச்செல்லும் துப்பாக்கியில் உதைப்புக் குறைந்த தோட்டாவை மட்டுமே பயன்படுத்த வேண்டும் எனத் தங்கள் கையெழுத்தில் கடிதம் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: சென்ற வாரம் எனக்குத் தாங்கள் அளித்த மெமோ.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மெமோவுக்கு ஆங்கிலத்தில் விளக்கம் கொடுத்துவிட்டேன். அது நான்கு வரி. வருந்துகிறேன் என்பதைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. தாங்களும் தமிழர், கோயம்புத்தூர்க்காரர் என்பதால், நடந்ததை நடந்தபடி சொல்ல இதைத் தமிழில் எழுதுகிறேன். இது என் வேலையைத் திருப்பிக் கேட்கும் மனு அல்ல. ருக்கையா அம்மையாரின் வலது தோளில் நம் மருத்துவமனை தைத்து வைத்திருக்கும் தசைநாண் மறுபடி அறுந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதும் மனு. அவர் அடுத்த வாரம் அமெரிக்காவுக்கு விமானம் ஏறுகிறார். ஆகவே இன்றே படித்துவிட வேண்டுகிறேன்.

1. மார்ச் மாதம் அறுவை சிகிச்சை முடிந்து, ஏப்ரலில் அம்மையார் என்னிடம் அனுப்பப்பட்டார். கணவர் காலமான பின் கப்பல் சரக்கு வியாபாரத்தைத் தனியாளாக நடத்துகிறவர். பம்பாயோடு வியாபாரம் செய்த இவ்வூர் அரபுக் குடும்பம் என்பதால் ஹிந்தி அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. முதல் நாள் கையை இடுப்புக்கு மேலே தூக்க முடியவில்லை. தலைவார முடியுமா, தொழ முடியுமா என்று கேட்பார் என நினைத்தேன். அவர் கேட்டது, "டாக்தோரா, நவம்பருக்குள் பந்தூக் பிடிக்க முடியுமா?" என்று. துப்பாக்கியாம்! சைவப் பிள்ளைமார் வீட்டில் பிறந்து, முட்டை வாசனைக்கே மூக்கைப் பொத்துகிறவள் நான். 

2. காரணத்தை அவரே சொன்னார். அவர் கணவர் ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில், இண்டியானா என்னும் அமெரிக்க மாநிலத்தில் நண்பர் ஒருவரின் காட்டுநிலத்துக்கு மான் வேட்டைக்குப் போவாராம். ஒவ்வொரு முறையும் "அடுத்த வருஷம் நீயும்" என்று சொல்லிவிட்டுப் போவாராம். அப்படிச் சொல்லிக்கொண்டே இருந்தவர் சென்ற ஆண்டு மாரடைப்பில் போய்விட்டார். அந்த அடுத்த வருஷம் இந்த ஆண்டுதான் என்று அம்மையார் முடிவு செய்திருக்கிறார்.

3. இந்தப் பத்தி மெமோவுக்குச் சம்பந்தமில்லாதது என்று தாங்கள் கருதலாம். ஆனால் அந்தக் கை எப்படி உயர்ந்தது என்பது இதில்தான் இருக்கிறது. கப்பிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி, "யல்லா டாக்தோரா, ஜங்கிள் சலோ", வா காட்டுக்குப் போகலாம், என்பார். நான் கயிற்றை மெல்ல விடுவேன். அவர் கணவரிடம் கேட்டதை எனக்குச் சொல்லிக்கொண்டே வருவார். இலையில்லாத மரங்கள், காலுக்கடியில் சருகு, மூச்சு விட்டால் வாயிலிருந்து புகை. அந்தக் காட்டை அவரும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. இருவருமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அதை வளர்த்துக்கொண்டோம். ஒரு வாரம், கணவர் வழக்கமாக உட்காரும் ஓடைக்கரை வந்தது. மறுவாரம் ஓடைத் தண்ணீர்மேல் பால் ஆடை மாதிரி மெல்லிய பனி படிந்தது. ஓடைக்கரையில் கொஞ்சம் நாணலை நானாகவே நட்டுவிட்டேன். அங்கே நாணல் உண்டா என்று தெரியாது. அவர் ஆட்சேபிக்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே ஜூலை வெயிலில் கார்கள் தகித்துக் கிடக்கும். உள்ளே எங்கள் இருவருக்கும் குளிர் எடுக்கும். உண்மையாகவே எழுந்து போய் ஏசியைக் குறைத்திருக்கிறேன். கை தோள் உயரத்துக்கு வரும்போது மரங்களுக்கு இடையிலிருந்து மான் வரும். வலித்தால் மான் நின்றுவிடும். நாங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். வலி தணிந்ததும் அது ஓரடி எடுத்து வைக்கும், கையும் ஒரு விரற்கடை மேலே போகும். சில நாள் வீட்டுக்குப் போய் அரிசி களையும்போதுகூட எனக்கு அந்தச் சருகுச் சத்தம் கேட்டது. என் கணவர் ராஜீவ், "என்ன, நின்னுக்கிட்டே தூங்குறியா?" என்று கேட்டிருக்கிறார். மருத்துவக் குறிப்பில் "நல்ல முன்னேற்றம்" என்று தாங்கள் பார்த்தது இதைத்தான்.

4. அந்த மானைச் சுடத்தான் வேண்டுமா என்று நான் கேட்காமல் இல்லை. "சுடுவேன், சமைப்பேன், சாப்பிடுவேன். நீ உன் தயிர்ச்சோறு சாப்பிடு" என்றார். எனக்கு அதில் இன்றுவரை சம்மதம் இல்லை. மான் அவர் பாடு, அதைப் படைத்தவன் பாடு. தோள் என் பொறுப்பு.

5. ஆகஸ்டில், எந்தத் துப்பாக்கி தன் தோளை வருத்தாது என்று வந்து பார்த்துச் சொல்லும்படி அழைத்தார். சிகிச்சைக்கான ஒரு மணி நேரத்தில் அவருடன் வேட்டைப் பொருள் கடைக்குப் போனேன். பணி நேரத்தில் வெளியே போனது தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போகாமல் எப்படிச் சொல்வது? துப்பாக்கியின் அடிக்கட்டை அழுந்துகிற இடமும் நாம் தைத்த இடமும் நாலு விரல் தள்ளித்தான் இருக்கின்றன.

கடையில் பரமக்குடிக்காரர் சோலைமுத்து என்பவர் விற்பனையில் இருந்தார். இண்டியானாவில் மானுக்கு எல்லா ரைஃபிளும் ஆகாதாம். தோட்டாவின் பித்தளைக் கூடு சோடா பாட்டில் போலக் கழுத்துச் சிறுத்திருந்தால் கூடாது. அடியிலிருந்து நுனிவரை சாக்பீஸ் போல ஒரே பருமனாக இருக்க வேண்டும், நீளமும் அளவோடு இருக்க வேண்டும். நேர்ச்சுவர்த் தோட்டா என்று அதைச் சொல்லலாம். அது வெகுதூரம் பாயாது. அம்மையார் உட்காரப்போகும் ஓடைக்கரைக்கு அவ்வளவு தூரம் தேவையும் இல்லை. அந்த வகையிலேயே உதைப்பு மிகக் குறைந்ததாக, த்ரீ ஃபிஃப்டி செவன் என்று ஒரு ரைஃபிளை எடுத்துக் கொடுத்து, "மேடம், இது தோளை இடிக்காது. லேசாத் தட்டும், அவ்வளவுதான்" என்றார். சற்றுக் கனமாக இருந்தது. கனம் கூடினால் உதைப்பு குறையும் என்றும் அவரே சொன்னார். அம்மையார் அதைத் தோளில் வைத்துக் கண்ணை மூடினார். அந்தக் கடையில் அத்தனை பேர் நடுவே நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் காட்டில் நின்றோம். இதுதான் என்று முடிவாயிற்று.

6. வாங்குவதற்கு முன்பே பெருநாள் வந்தது. மகன் சலீம் தாய்க்குப் பரிசாக வேறொரு துப்பாக்கியைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். ஃபோர் ஃபிஃப்டி ஃபோர் என்று பெயர். அதுவும் நேர்ச்சுவர்த் தோட்டாதான், சட்டத்துக்கு உட்பட்டதுதான். ஆனால் உடம்பு இலேசு, வெடிமருந்தோ அசுர மருந்து, தோளில் படும் அடிப்பக்கம் வெறும் இரும்புத் தகடு. சலீம் பொல்லாதவர் அல்லர், ஐயா. கட்டையில் சிறு வெள்ளித் தகடு பதித்து, அதில் தகப்பனார் பெயரைச் செதுக்கச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெயரை விரலால் தடவிக்கொண்டு அம்மையார் அழுதார். அதற்குப் பிறகு இது வேண்டாம், வேறு கொண்டா என்று எந்தத் தாய் சொல்வாள்?

7. விடுமுறை நாளில் அம்மையாரும் நானும் அந்தத் துப்பாக்கியோடு சுடுபயிற்சிக் கூடத்துக்குப் போனோம். நோயாளியின் தோளில் பரீட்சை வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் முதலில் நான் சுட்டேன். ஆம், நான்தான்! ஒரே ஒரு முறை. சுவர் வந்து மோதியது போல இருந்தது. இரண்டடி பின்னால் போய்விட்டேன். மறுநாள் தோளில் பூரி அளவுக்குக் கன்றிப்போயிருந்தது. நல்ல தோளுக்கே இந்தக் கதி. அம்மையாரைத் தொடவிடவில்லை. இதை அம்மையார் வீட்டில் சொல்லப்போக, "என் பரிசு என் தாயின் தோளை உடைக்கும் என்று ஒரு வேலைக்காரி சொல்வதா?" என்று சலீம் தங்களிடம் புகார் கொடுத்தார். அன்று மாலையே மெமோ வந்தது. அம்மையார் வேறொருவருக்கு மாற்றப்பட்டார். எல்லா நடவடிக்கைகளுக்கும் தகுதியுடையவர் என்று சான்றிதழும் வழங்கப்பட்டது. சான்றிதழ் கொடுத்தவர் கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார், கை உயர்ந்தது, எழுதிவிட்டார். அதில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். துப்பாக்கி இப்படிப்பட்டது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாய் என்று ராஜீவ் சொல்கிறார். பேசாமல் மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வா என்கிறார். நேற்றுத் தீபாவளி. லட்டு வாயில் இருந்ததே தவிர உள்ளே இறங்கவில்லை. கண்ணை மூடினால் அதே காடு. மான் வந்து நிற்கிறது, அம்மையார் துப்பாக்கியைத் தோளில் வைக்கிறார். அதற்கு மேல் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது. தைத்தது அறுந்தால், அந்த வயதில் இன்னொரு முறை தைத்துப் பிடிக்குமா என்பதை என்னைவிடத் தாங்கள் நன்கு அறிவீர்கள். அப்புறம் யார் மெமோ கொடுத்து என்ன, கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான்.

8. இதற்கு வழி இருக்கிறது என்பதால்தான் தங்களைத் தொந்தரவு செய்கிறேன். பரிசைத் திருப்பித் தரவே வேண்டாம். அதே துப்பாக்கியில் ஃபார்ட்டி ஃபைவ் கோல்ட் என்ற, சற்றே குட்டையான தோட்டாவும் பொருந்தும். பருமன் அதே, கூடும் நேர்க்கூடுதான், இண்டியானா சட்டமும் அனுமதிக்கிறது. ஓடைக்கரைத் தூரத்துக்கு அது போதும். உதைப்பு பாதிக்கும் கீழே. இரும்புத் தகட்டின்மேல் இறுக்கமாக மாட்டும் ரப்பர் உறை ஒன்றும் கடையில் இருக்கிறது. சோலைமுத்து சொன்னதை அப்படியே நம்பிவிடவில்லை. கன்றல் ஆறியதும் கடந்த சனிக்கிழமை தனியாகப் போய், கூடத்தில் இருந்த அதே வகைத் துப்பாக்கியில் அந்தத் தோட்டாவைப் போட்டுச் சுட்டுப் பார்த்தேன். யாரோ தோளில் கைவைத்துத் தள்ளியது போல இருந்தது. வலி இல்லை. அம்மையாரின் தோள் அதைத் தாங்கும். என் படிப்பின்மேல் ஆணையாகச் சொல்கிறேன்.

9. இதை நானே சொல்லியிருப்பேன். ஆனால் சலீம் தாயிடம், "பெரிய டாக்டர் சொல்லட்டும், கேட்கிறேன். அவள் யார் சொல்வதற்கு? கலாஸ்" என்று முடித்துவிட்டாராம். அம்மையார் தொலைபேசியில் சொன்னார். பிள்ளைக்குத் தாய்மேல் உள்ள பிரியத்தில் சந்தேகமில்லை. என்னிடமிருந்து வந்தால் மட்டும்தான் அவருக்கு அது கசக்கிறது.

எனவே ஐயா அவர்களிடம் நான் பணிவுடன் கேட்டுக்கொள்வது இதுதான். இம்மனுவுடன் இரண்டு தாள்கள் இணைத்திருக்கிறேன். முதல் தாள், அறுவை சிகிச்சையைக் கருத்தில் கொண்டு ஃபார்ட்டி ஃபைவ் கோல்ட் தோட்டாவும் ரப்பர் உறையும் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று தாங்கள் சலீம் அவர்களுக்கு எழுதுவதாக உள்ள கடிதம். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்திருக்கிறேன். தங்கள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அதில் என் பெயர் எங்கும் இல்லை. இரண்டாம் தாள், மெமோவில் கண்ட எல்லாக் குற்றங்களையும் ஒப்புக்கொண்டு, அம்மையாரை இனி நேரிலோ தொலைபேசியிலோ தொடர்புகொள்ள மாட்டேன் என்று நான் எழுதிக் கொடுத்திருப்பது. சலீம் அவர்களிடம் இரண்டையும் சேர்த்தே கொடுங்கள். அவர் மனம் குளிர்ந்திருக்கும்போது முதல் தாளைப் படிப்பார்.

இந்த யோசனை யாருடையது என்று அம்மையாருக்கும் தெரிய வேண்டாம். தெரிந்தால் பெருமையாக மகனிடம் சொல்லிவிடுவார். சலீம் தோட்டாவை மாற்ற மாட்டார். இத்தனை மாதம் கூடவே நடந்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் விலகிக்கொண்டாளே என்று அம்மையார் என்மேல் வருத்தப்படுவார். எனக்கும் அது வருத்தம்தான், மறைக்க மாட்டேன். வருத்தப்பட்டுவிட்டுப் போகட்டும் ஐயா. கை நன்றாக இருந்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் கையெழுத்துக்குக் காத்திருக்கும்,
ரா. ஜெயபாரதி

இடம்: அபுதாபி
நாள்: 28.10.2008

இணைப்பு: மேற்சொன்ன இரண்டு தாள்கள்.