உப்புக் காற்றில் வளைந்த அட்டை

அகராதிக்கு அடியிலிருந்து இன்று காலை அந்தத் துளையிட்ட அட்டையை எடுத்துப் பார்த்தேன். மழைக்காலம் வந்தால் நடுவில் வளைந்துகொள்கிறது. செங்கல்பட்டு வரைக்கும் கடல் காற்று வருமா என்று கேட்பாய். வருகிறது.

எழுபதுகளில் நீ பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தாய். ஆராய்ச்சி செய்பவர்கள் துளையிட்ட அட்டைகளைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து உன் ஜன்னலில் கொடுப்பார்கள். நீ அவற்றை இயந்திரத்துக்கு ஊட்டி, விடையை அச்சிட்டுத் தருவாய். ஊரே வியர்த்துக் கிடந்தபோது உனக்கு மட்டும் ஏ.சி. அறை. வெயிலில் அலைந்து நான் எழுதிய செய்தியோ 'நமது நிருபர்' என்றுதான் வெளியாகும். அப்போதே எனக்கு உன்மேல் பொறாமை.

என் தங்கை புள்ளியியலில் ஆய்வு செய்துகொண்டிருந்தாள். கோவளத்தில் உன் அக்காவின் நிக்காஹ்வுக்கு நாங்கள் வந்தபோது, விட்டுவர மனமில்லாமல் தன் துளையிட்ட அட்டைகள் இருந்த பெட்டியையும் தூக்கிவந்தாள். காற்றோட்டமாக இருக்கட்டும் என்று மூடியைத் திறந்து, கடல் பார்த்த ஜன்னலில் வைத்தாள். கல்யாண அமளியில் நீயும் கவனிக்கவில்லை. திங்கட்கிழமை இயந்திரம் அந்த அட்டைகளைக் கடித்துத் துப்பியது. அந்த வாரத்துக்குள் விடை வராவிட்டால் ஆய்வேடு கொடுக்கும் கெடு போய்விடும்.

"பதிவாளரை எனக்குத் தெரியும். பேசட்டுமா?" என்றேன்.

"பேசு அண்ணாத்த. மெஷினுக்குத்தான் அவர தெரியாது" என்றாய். பிறகு அவள் பக்கம் திரும்பி, "உப்புக் காத்து குடிச்சிட்டு ஊதிக்கினு கீது. ஏம்மா, இது இன்னா வத்தலா, காத்துல காயப்போட?" என்றாய்.

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். காலையிலிருந்து நான் சொன்ன ஆறுதலில் ஒன்றுக்கும் சிரிக்கவில்லை.

பெட்டியை அந்தக் குளிர் அறையிலேயே வைத்து, அட்டைகளின்மேல் கனம் ஏற்றினாய். புதன்கிழமைக்குள் பெரும்பாலானவை நிமிர்ந்தன. நிமிராதவற்றைச் சாப்பாட்டு வேளையில் உட்கார்ந்து புது அட்டைகளில் துளையிட்டாய். வெள்ளிக்கிழமை விடை அச்சாகி வந்தது. "அண்ணா" என்றாள். நாம் இருவருமே திரும்பினோம். அவள் கூப்பிட்டது உன்னை.

கழித்துப்போட்ட அட்டை ஒன்றை என் சட்டைப் பையில் செருகினாய். "வெச்சிக்க அண்ணாத்த. பின்னாடி நியூஸ் எழுதலாம்."

ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் முதல் பெயர் உன்னுடையது. நான் 'குடும்பத்தினர்' என்ற சொல்லுக்குள் எங்கேயோ இருந்தேன். தினமும் எழுதியவன் பெயர் அச்சில் வராத காலத்தில், ஒரு வரி எழுதாத உன் பெயர் கெட்டி அட்டை போட்ட புத்தகத்தில் வந்தது.

உன் அடக்கத்துக்குக் கோவளம் வந்தபோது அவள் அழுத அழுகையைப் பார்த்தேன். எனக்கு இப்படி அழுவாளா என்றுதான் தோன்றியது.

நேற்று தொலைபேசியில் கேட்டாள். "அந்த கார்டு ஒண்ணு உங்கிட்ட இருந்துச்சே? எனக்குக் குடேன் அண்ணா, அவர் ஞாபகமா வெச்சிக்கிறேன்."

காணவில்லை என்று சொல்லிவிட்டேன். அவளிடம்தான் நன்றிப் பக்கம் இருக்கிறதே. இது நீ என் பையில் செருகியது. பின்பக்கம் இதுவரை ஒரு வரியும் எழுதவில்லை. மழை விட்டபாடில்லை, திரும்ப அகராதிக்கு அடியில் வைத்துவிட்டேன்.