சோதிக்காத மூட்டை

முதலிபாளையம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தம்பி ராஜபாண்டிக்கு,

மொரீஷியஸ் வெயில் உனக்கு ஒத்துக்கொண்டதாக அம்மா சொன்னாள். சந்தோஷம். ஆறு மாதமாக என் போனை நீ எடுப்பதில்லை. அதனால் அம்மாவிடம் விலாசம் வாங்கி எழுதுகிறேன். நானும் அபிராமியும் நலம். அவள் பத்தாவது பரீட்சை எழுதி முடித்துவிட்டாள். மாமாவைப் போலக் கெமிஸ்ட்ரி படிக்கப் போகிறாளாம்.

அம்மா இன்னும் மண்டபம் கடற்கரையில் பாசி எடுக்கக் கடலில் இறங்குகிறாள். பாறை கிழிக்காமலிருக்க விரலெல்லாம் துணி சுற்றிக்கொள்கிறாள். வேண்டாம் என்றால் கேட்பதில்லை. "எம் மவன் படிச்ச படிப்பே இந்தப் பாசியப் பத்தித்தான்" என்று கரையில் எல்லோரிடமும் சொல்கிறாளாம்.

அந்தப் படிப்பை எனக்கும் நீதான் சொன்னாய். எங்கள் துணி பிரிண்டிங் யூனிட்டுக்கே நீ லேப் பார்க்க வந்த முதல் வாரம், நான் சாயக்கூழில் கலக்கும் அல்ஜினேட் பவுடரை என் உள்ளங்கையில் கொட்டினாய். பழுப்புப் பாசியிலிருந்து எடுத்தது, ஒருவகைச் சர்க்கரை அமிலங்கள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டது என்றாய். சாயத்தைத் துணியில் நிறுத்திவிட்டு, கழுவும்போது இந்தப் பசை மட்டும் போய்விடும், அதனால்தான் குழந்தை உடுப்பு மெத்தென்று இருக்கிறது என்றாய். வேறு பசையைப் போட்டால் சாயம் பசையையே பிடித்துக்கொள்ளும், துணி விறைத்துவிடும் என்றும் சொன்னாய். எந்த மூட்டை வந்தாலும் ஒரு சிட்டிகை கரைத்து, கால்சியம் தண்ணீரில் சொட்டிப் பார்க்கச் சொன்னாய். அசல் என்றால் சொட்டு ஜவ்வரிசி போல உறைந்து நிற்கும். எட்டாவதோடு நின்றவள் நான். ஆனால் நான்கு வருஷம் ஒரு மூட்டையையும் சோதிக்காமல் பிரித்ததில்லை.

ஒன்றைத் தவிர. "இதுக்கு டெஸ்ட் வேண்டாம்க்கா, நானே பாத்துட்டேன்" என்று நீ சொன்ன மூட்டை அது.

அதைக் கலந்து அச்சடித்த குழந்தை உடுப்பு ஆர்டர் முழுக்க விறைத்துப்போய், சாயம் மங்கித் திரும்பி வந்தது. முதலாளி மருதாசலம் ஐயா எல்லோரையும் நிறுத்திக் கேட்டபோது, "அக்கா அளவு மாத்திக் கலந்துட்டாங்க" என்றாய். நாற்பது பேர் நின்றிருந்தோம். நீ என் பக்கம் திரும்பவில்லை. படித்தவன் சொல்கிறான், என் கைதான் தவறியிருக்கும் என்று நானே நம்பிவிட்டேன். அன்றைக்கே என்னை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அடுத்த மாதம் ஐயா கொடுத்த நற்சான்றோடு நீ விமானம் ஏறினாய். புளிச்சோறு கட்டிக்கொண்டு கோயம்புத்தூர் வரை வந்து உன்னை வழியனுப்பியதும் நான்தான்.

அதன் பிறகு ஒரு பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தேன். கை பிசிறு வெட்டும், மனசு மட்டும் அன்றைய அளவுகளையே திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்க்கும். எங்கே தவறினேன் என்று தெரியவே இல்லை.

போன வாரம் நம் யூனிட்டில் ஸ்டோர் பார்க்கும் முனீஸ் வந்தார். கூப்பிட்டும் உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்று சொன்னார். அல்ஜினேட் ஆர்டர் போட நீ மறந்துவிட்டாயாம். உடுப்பு கப்பலேறும் தேதி நெருங்கியதும், வேறு ஏதோ பசை மாவை அந்த மூட்டையில் நீயே நிரப்பினாயாம். வெளியே தெரிந்தால் உன் வெளிநாட்டு வேலை போய்விடும் என்று அவரிடம் சத்தியம் வாங்கினாயாம். என் தம்பி அப்படிச் செய்யமாட்டான் என்று அவரைத் திட்டினேன். மிச்ச மாவை எடுத்து வைத்திருக்கிறேன், வந்து பாருங்கள் என்றார்.

அந்த மாவை எடுத்துக்கொண்டு போய் ஐயாவின் மேஜையிலேயே வைத்துச் சொட்டிப் பார்த்தேன். உறையவில்லை. கலங்கிக் கரைந்து போனது. மூன்று முறை செய்தேன், நான்காவது முறையும் செய்தேன். "ஏனுங்க பாண்டியம்மா, இந்த மூட்டைய உங்களுக்கு யாருங்க குடுத்தது?" என்று ஐயா கேட்டார். என் தம்பி என்றேன். டெஸ்ட் வேண்டாம் என்று நீ சொன்னதையும் சொன்னேன். ஐயா எழுந்து நின்று, "தப்புப் பண்ணிட்டனுங்க, மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். நாளை முதல் பழைய வேலைக்கே போகிறேன். உன் கம்பெனிக்கு எல்லாவற்றையும் எழுதப்போவதாகவும் சொன்னார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

நீ மறந்ததில் எனக்குக் கோபமில்லை. அன்றைக்கு என்னிடம் வந்து, அக்கா, இப்படி ஆகிவிட்டது, பழியை நீ ஏற்றுக்கொள் என்று கேட்டிருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பேன். அது உனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை. நானே என்னைச் சந்தேகப்படும்படி விட்டுவிட்டுப் போனாய். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அதை நீதான் சொல்ல வேண்டும். ஐயாவின் கடிதம் வருவதற்குள் உன் கம்பெனியிலும் நீயே சொல்லிவிடு.

அங்கேயும் நீ சொல்வதையெல்லாம் அப்படியே நம்பி வேலை செய்கிற ஒருத்தி இருப்பாள். அவளுக்காவது உண்மையாக இரு, தம்பி. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
பாண்டியம்மாள்