கடலுக்குப் போகும் நாளுக்கு ஒரு குளிசை

தம்பி,

பேத்தி கோயிலில் முதல்நன்மை வாங்கப் போகிறாள், அதற்கு வெள்ளை உடுப்புத் தைக்க வேண்டும். மகளுடைய பழைய உடுப்பை அளவுக்கு எடுக்கலாம் என்று நேற்று அலுமாரியைத் திறந்தேன். பூச்சி உருண்டை மணத்தோடு, மடித்த துணிகளுக்கு நடுவிலிருந்து உன் குளிசைக் காட் ஒன்று கீழே விழுந்தது. பத்துக் குழியில் நாலு வெறுமை. ஆறு குளிசை அப்படியே இருக்கிறது. அதை அங்கே ஒளித்து வைத்தது நான்தான், கடலுக்குப் போகாத நாளில் நீ எடுத்துவிடக் கூடாது என்று.

உன் தலைக்குள் ஆட்கள் கதைக்கத் தொடங்கியபோது உனக்கு இருபத்துமூன்று வயது. ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் மாதம் ஒருமுறை காசு வாங்காமல் சும்மாவே குளிசை தந்தார்கள். ஒன்றிரண்டு மாதத்தில் அந்தக் கதைகாரர் அடங்கிப்போனார்கள். நீ கிழிந்த வலை பொத்தினாய், பகிடி விட்டாய், எங்கள் கீரிக் கரையில் எல்லாருக்கும் முன்னால் வள்ளம் தள்ளினாய். திருநாளுக்குக் கோயில் சுரூபம் தூக்க உன்னையும் கூப்பிட்டார்கள். அன்று நான் கோயில் வாசலில் எப்படி நின்றேன் என்று உனக்குத் தெரியாது. அம்மா அப்பா இல்லாமல், ஒருவரிடமும் கை நீட்டாமல் வளர்த்த பிள்ளை என்று நிமிர்ந்து நின்றேன்.

பிறகு ஆஸ்பத்திரியில் குளிசை இல்லாமல் போனது. வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு எழுதித் தந்தார்கள். பாமசியில் விலையைக் கேட்டபோது, வேறு யாருடைய துண்டையோ பார்த்துச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். முப்பது வாங்கப் போனவள் பத்தோடு திரும்பி வந்தேன்.

பத்தை எப்படி முப்பது நாளைக்கு இழுப்பது என்று இரண்டு பேரும் யோசித்தோம். வழி சொன்னது நீதான். கடலுக்குப் போகும் நாளில் மட்டும் போடுவது.

“கடலில என்ர தலை பிழைச்சா வள்ளத்தில வாற மற்ற ரெண்டு பேருக்கும் ஆபத்து அக்கா. கரையில நான் விசர்க்கதை கதைச்சா நீ ஒராள்தானே கேக்கிறது. அது உனக்குப் பழக்கம்.”

இரண்டு பேரும் சிரித்தோம். எவ்வளவு புத்தியான வழி என்று நானும் நினைத்தேன்.

அடுத்த கிளினிக்கில் நீ ஓரிடத்தில் இருக்கவில்லை, எழும்பி எழும்பி நின்றாய். டொக்டர் கேட்டதற்கெல்லாம் வேறேதோ சொன்னாய். அவர் என்னைப் பார்த்து, ஒழுங்காகக் குளிசை எடுக்கிறாரா என்று கேட்டார். பின்னால் நீட்டு வாங்கில் எங்கள் ஊர்ப் பெண்கள் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்கள். வாங்க வழியில்லை என்று ஒரு சொல் சொல்ல எனக்கு நா எழவில்லை.

“ஓம் டொக்டர். ஒரு நாளும் தவறாது” என்றேன்.

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

ஒவ்வொரு நாளும் எடுத்தும் சுகமில்லை என்றால் அந்தக் குளிசை உனக்குப் போதாது என்றுதானே அவர் நினைப்பார்? பழையதை நிறுத்தி வேறொன்று எழுதினார். அது இன்னும் விலை கூட. நான் சொன்ன ஒரு பொய்க்குப் பிறகு, முன்பு வாங்க முடியாத குளிசைக்குப் பதிலாக, நினைத்துப் பார்க்கவே முடியாத குளிசை வந்தது. அதில்தான் இந்த ஒரு காட் வாங்கினேன்.

நாலில் மூன்றை மூன்று கடல் நாளுக்குப் போட்டாய். பிறகு நீ பாயை விட்டு எழும்பவில்லை. கடலுக்குப் போகாததால் நான் குளிசை தரவில்லை. குளிசை இல்லாததால் நீ கடலுக்குப் போகவில்லை. இப்போது எழுதும்போது ஒரு சின்னப்பிள்ளைக்கும் விளங்கும் போலிருக்கிறது. அப்போது எனக்கு விளங்கவில்லை, தம்பி. நல்லாய் வந்து கடலுக்குப் போகட்டும், அதற்குக் குளிசை மிச்சம் இருக்கட்டும் என்றே நினைத்திருந்தேன்.

அன்று காலை வாடைக் காற்று கூரைத் தகரத்தை அடித்துக்கொண்டிருந்தது. கரையில் ஒருவரும் வள்ளம் இறக்கவில்லை. நீ முகம் கழுவி, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குசினிக்குள் அடுப்படிக்கு வந்தாய். பல நாளுக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துக் கதைத்தாய்.

“இண்டைக்குக் கடலுக்குப் போறன் அக்கா. குளிசையைத் தா.”

காற்றைப் பார், இன்றைக்கு வேண்டாம் என்றேன்.

“போனாத்தானே தருவாய்.”

கோபமாகச் சொல்லவில்லை. நாங்கள் பேசி வைத்ததை எனக்கு நினைவுபடுத்துவது போலச் சொன்னாய். ஒன்றைப் போட்டால் மனம் ஆறி வீட்டில் நிற்பாய் என்று நினைத்து எடுத்துத் தந்தேன். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு திரும்பும்போது நீ வேலிப் படலையைத் தாண்டிவிட்டாய். மத்தியானம் நீ தனியாகத் தள்ளிப்போன வள்ளம் மட்டும் கரை ஒதுங்கியது. மூன்றாம் நாள்தான் கடல் உன்னைத் தந்தது.

ஊருக்கு நான் காற்று என்றுதான் சொன்னேன். கோயில் சுவாமியாருக்கும் அதைத்தான் சொன்னேன்.

போன மாதம் பிரஷர் குளிசைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். உன்னைக் கூட்டிப்போன அதே வரிசைக்குப் பக்கத்தில் இருந்தேன். பெரியமடுப் பெண் ஒருத்தி புருசனோடு வந்திருந்தாள். அவர் விரல்களை ஓயாமல் பின்னிக்கொண்டிருந்தார். ஒழுங்காகக் குளிசை எடுக்கிறாரா என்று நர்ஸ் மிஸ் கேட்டதற்கு அவள், “ஒரு நாளும் விடுறேல்லை மிஸ்” என்றாள், தேவைக்கு மேல் சத்தமாக. எனக்கு அந்தக் குரல் தெரியும்.

பஸ் நிலையம் வரைக்கும் அவர்கள் பின்னால் போனேன். யாருக்கும் சொல்லாததை அந்த முன்பின் தெரியாத பிள்ளைக்குச் சொன்னேன். உன் குளிசையை, டொக்டருக்கு நான் சொன்ன பொய்யை, வள்ளத்தை. அடுத்த முறை உண்மையைச் சொல்லச் சொன்னேன். அவள் மறுக்கவில்லை, என்னிடம் ஒன்று கேட்டாள்.

“சொன்னாக் குளிசை தருவினமோ, அம்மா?”

நக்கலாகக் கேட்கவில்லை. நான் விசயம் தெரிந்தவள், பதில் சொல்வேன் என்று நம்பி நின்றாள். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். பொய் சொல்லாதே என்று சொல்ல அது போதும். பொய் சொல்லாவிட்டால் என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் அன்றும் வெளியில் வாங்கச் சொல்லித்தான் துண்டு எழுதினார்கள்.

பெரியமடு பஸ் வந்தது. அவள் புருசனைக் கைபிடித்து ஏற்றி, தானும் நிமிர்ந்த தலையோடு ஏறிப் போய்விட்டாள். ஆனால் சோறு வடிக்கும்போதும் செபமாலை உருட்டும்போதும் அவள் என் முன்னால்தான் நிற்கிறாள், தம்பி, பதிலுக்குக் காத்துக்கொண்டு. அவளுக்கு என்ன சொல்ல?

அக்கா