ஊரிலை எவடம் என்று கேட்காதவளுக்கு

இன்று காலையில் இந்தக் குளிருக்கு முதல் தடவையாக ஹீற்றரைப் போட்டேன். கோடை முழுக்கப் படிந்திருந்த தூசு சூட்டில் கருகி, அந்த மணம் அறை முழுக்கப் பரவியது. பிக்கரிங்கில் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒவ்வொரு ஒக்டோபரிலும் வருகிற மணம்தான். மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு யன்னலைத் திறக்கப் போனாள். கொஞ்சம் பொறு, திறக்காதே என்றேன். அவளுக்கு அது தூசு மணம். எனக்கு அது வெக்ஸ்போர்ட்டில் நீயும் நானும் ஒரு மனிதருக்குப் பிடித்துக் கொடுத்த அறையின் மணம். நீ போய் ஆறு மாதம் ஆகிறது. உனக்குச் சொல்லவேண்டிய ஒன்றை ஆறு மாதமாக வைத்துக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு எழுதாவிட்டால் பிறகு எழுதவே மாட்டேன், என்னைத்தான் உனக்குத் தெரியுமே.

அப்போது நமக்கு இருபத்தொரு வயது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பல்கலைக்கழகத்தை ஒரு வருடம் தள்ளி வைத்துவிட்டு, கனடா அரசாங்கத்தின் இளையோர் தேசிய சேவையில் ஒன்பது மாதத்துக்குச் சேர்ந்திருந்தோம். சிலரை மரம் நட அனுப்பினார்கள், சிலரை முதியோர் இல்லங்களுக்கு அனுப்பினார்கள். எங்கள் எட்டுப் பேரை ஸ்காபுரோவில், லோறன்ஸ் வீதியில், ஒரு பல் டொக்டரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் இருந்த வீட்டு உதவி நிலையத்தில் கொண்டுவந்து விட்டார்கள். வீடில்லாமல் ஷெல்ற்றரில் படுப்பவர்களுக்கு அறை தேடிக் கொடுக்கவேண்டும். பிறகு அந்த அறை அவர்கள் கையை விட்டுப் போகாமல் கிழமைக்கு ஒருமுறை போய்ப் பார்க்கவேண்டும். "சாவி குடுத்த பிறகுதான்டி வேலையே ஆரம்பம்" என்று நீ சொல்லிக்கொண்டே இருப்பாய். எல்லோருக்கும் ஒரு நீல ஜக்கெற் தந்தார்கள். நீ அதற்குள் மூன்று ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கையை மடக்க முடியாமல் நடந்து வருவாய்.

நீ கரூர்க்காரி, பதினாறு வயதில் அப்பாவின் வேலையோடு வந்தவள். நான் பத்து வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவள். முதல் நாளே நமக்குச் சண்டை. யாழ்ப்பாணம் என்றால் ஒரே ஊர்தானே, அதற்குள் எப்படி இத்தனை ஊர் என்று நீ கேட்டாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு தாளை எடுத்துக் குடாநாட்டைப் படமாய்க் கீறி, ஊர் ஊராகப் பெயர் எழுதிக் காட்டினேன். பெரிய அக்கறையாகத் தலையாட்டினாய். மத்தியானம் பார்த்தால் அதே தாளில் மிக்சரைக் கொட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். எங்கள் ஊர் எதுவும் கடைசிவரை உன் தலைக்குள் ஏறவில்லை. அதுதான் எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று என்று எனக்கு அப்போது தெரியாது.

கார்த்திகை மாதம் ஒரு ஷெல்ற்றரிலிருந்து அழைப்பு வந்தது. தமிழ் மனிதர் ஒருவர், நாற்பது வயதிருக்கும். தொழிற்சாலையில் முதுகு பழுதாகி வேலை போய்விட்டது. கூட அறை எடுத்திருந்தவர்கள் கல்யாணம் கட்டி ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். இரண்டு வருடமாகக் கண்ட இடத்தில் படுக்கிறார். போன குளிரில் வெளியே கிடந்து இடது காலில் இரண்டு விரல்கள் போய்விட்டன. இன்னொரு குளிர் வெளியே படுத்தால் பாதமே போகும் என்று டொக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். நாங்கள் இருவரும் அவரை அண்ணை, அண்ணா என்றுதான் கூப்பிட்டோம். இங்கேயும் அண்ணை என்றே எழுதுகிறேன்.

எனக்கு ஒரே புளுகம், அவ்வளவு சந்தோசம். எங்கட ஆள், எங்கட பாஷை, இதைவிடச் சுகமான வேலை உண்டா என்று நினைத்தேன். அவருக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஊரில் எந்த இடத்துக்காரர் என்றுதான் முதலில் கேட்டேன்: "அண்ணை ஊரிலை எவடம்?"

கொழும்பு என்றார். அவருடைய கதையோ அச்சு அசல் யாழ்ப்பாணம். நான் விடவில்லை. கொழும்புக்கு முன்னம் எவடம் என்று திருப்பிக் கேட்டேன். அவர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ பக்கத்தில் சும்மா இருந்தாய்.

ஒரு கிழமையில் அறை பிடித்துவிட்டேன். ஸ்காபுரோவின் வடக்கே மில்லிக்கனில், என் சித்திக்குத் தெரிந்த ஒரு அக்காவின் வீட்டு பேஸ்மென்ற். தமிழ்க் குடும்பம், சோறு கறி, மேலே தமிழ் ரேடியோ. இதற்குமேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்? எங்கள் குழுவில் என்னைத் தட்டிக் கொடுத்தார்கள். பத்தாம் நாள் அந்த அக்கா எனக்குப் போன் எடுத்தார். சாவியை உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்கு மேலே வைத்துவிட்டு ஆள் போய்விட்டார்.

அந்த அக்கா அழாக்குறையாகச் சொன்னார். நல்ல மனுசன், ஒரு சோலியுமில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு மேலே கூப்பிட்டு, ஊர் எவடம், ஆருடைய மகன் என்று கேட்டதுதான். வாய் தவறித் தான் படித்த பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லிவிட்டாராம். அந்தப் பக்கத்தில் எங்களுக்கும் ஆட்கள் இருக்கினம் என்று அக்கா சந்தோசப்பட்டாராம். அடுத்த நாள் காலை ஆள் இல்லை. இதில் என்ன பிழை என்று அக்கா என்னைக் கேட்டார். நானும் அதையே உன்னிடம் கேட்டேன். வெளியே பனி கொட்டத் தொடங்கியிருந்தது.

மூன்று நாள் தேடினோம். நான்காம் நாள் காலையில், லோறன்ஸ் வீதிக் கோப்பிக்கடை ஒன்றில், மூலை மேசையில் இருந்தார். எதிரே போய் இருந்தோம். நான் வாயைத் திறக்க முன்னமே நீ மேசைக்குக் கீழே என் காலில் உதைத்தாய். சப்பாத்துக் காலால் உதைத்தாய், இரண்டு நாள் நீலமாய்க் கண்டிப்போய்க் கிடந்தது. பிறகு அவரிடம் சாப்பிட்டாரா என்று கேட்டாய். படி ஏறினால் கால் வலிக்குமா, ஜன்னல் வேண்டுமா, சமைக்கத் தெரியுமா, பக்கத்து அறையில் சத்தம் இருந்தால் தூக்கம் வருமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாய். அவருக்கு எப்படிப்பட்ட அறை வேண்டும் என்று அதுவரை நான் கேட்கவே இல்லை. வெட்கமாக இருந்தது.

அவர் மெல்ல உன்னைப் பார்த்து, தங்கச்சி எந்த ஊர் என்றார். பார்த்தாயா, அவராலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. நீ கரூர் என்றாய். தனக்குத் தெரியாது என்றார்.

"எனக்கும் உங்க ஊரு ஒண்ணும் தெரியாதுண்ணா. சொன்னாலும் புரியாது."

அப்போதுதான் அவர் சிரித்து நான் முதல் தடவை கண்டேன். சிரித்துவிட்டு, என்னைப் பார்க்காமல் உனக்கே சொன்னார்: "எங்கட ஆக்களிட்டை ஊரைச் சொன்னால் ஆரெண்டு ஆளைப் பிடிச்சிடுவினம், தங்கச்சி. ஒரு கிழமைக்குள்ளை அம்மாவுக்குப் போயிடும், உங்கட மகன் ரோட்டிலை கிடக்கிறான் எண்டு. காணியை வித்து அனுப்பின மனுசி. நான் காணாமல் போனவனாவே இருந்திட்டுப் போறன்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் உன்னோடு சண்டை பிடித்தேன். அப்படியென்றால் எங்கள் சனம் கெட்டதா, ஊர் கேட்டுத்தானே ஒருவருக்கொருவர் கைகொடுத்து இந்த நாட்டில் எழும்பினோம் என்று கத்தினேன். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். நீ மூன்று ஸ்வெட்டருக்குள்ளிருந்து நிதானமாகச் சொன்னாய்: "உங்க ஆளுங்க நல்லவங்கதான்டி. அவருக்கு இப்போ யாருக்கும் தெரியாத ஒரு இடம் வேணும், அவ்வளவுதான்." இறங்கும்வரை யன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

இரண்டாவது அறையை நீதான் பிடித்தாய். ஸ்காபுரோவிலேயே வெக்ஸ்போர்ட் பக்கம் ஒரு கிரேக்கக் கிழவியின் வீட்டில், கீழ்த்தளத்தில், ரோட்டைப் பார்த்த யன்னலோடு. கிழவிக்கு ஆங்கிலம் நாலு சொல். அதில் ஒன்றும் கேள்வி இல்லை. நாம் ஹீற்றரைப் போட்டதும் தூசு கருகி மணந்தது. அண்ணை நெருப்புப் பிடித்துவிட்டது என்று பயந்து பையைத் தூக்கிவிட்டார். நீ குளிருக்குப் பயந்தவள், அன்றைக்கு யன்னலை அகலத் திறந்து வைத்துவிட்டு நடுங்கிக்கொண்டே நின்றாய், மணம் போகும்வரை. பிறகு உன் பையிலிருந்து சட்டி, கரண்டி, இரண்டு கப் எடுத்து அடுக்கினாய். ஒரு ஆளுக்கு எதற்கு இரண்டு கப் என்றார் அண்ணை. நாங்க வந்தா எதுல குடிப்போம், உங்க கையிலயா என்றாய்.

செவ்வாய்க்கிழமைதோறும் போனோம். நீயும் நானும் ஒரு கப்பில் மாறி மாறிக் குடிப்போம், அண்ணை மற்றதில். எனக்கு அந்த முதல் மாதம் சித்திரவதை. ஊரைக் கேட்காமல் எங்கட ஆள் ஒருவரோடு என்னத்தைக் கதைப்பது? நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன். குளிரைப் பற்றி, மீன் குழம்பைப் பற்றி, கிழவியின் பூனையைப் பற்றிக் கதைத்துக் கதைத்து, கடைசியில் அது எனக்கும் பழகிவிட்டது. அவருடைய பை மட்டும் எப்போதும் கட்டினபடி கதவடியில் இருந்தது. அது அங்கே இருக்கும்வரை அவர் எந்த நேரமும் போகலாம் என்று நமக்குத் தெரியும்.

மாசி மாதம், சரியான உறைகுளிரில், மில்லிக்கன் அக்கா எங்கள் வீட்டுக்குப் போன் எடுத்தார். கண்டுபிடித்துவிட்டேன் என்றார். அந்தப் பள்ளிக்கூடப் பெயரை வைத்து விசாரித்தாராம். "அவர் ஆரெண்டால்..." என்று தொடங்கினார்.

"அக்கா, சொல்லாதேங்கோ" என்றேன். என் வாயிலிருந்துதான் அது வந்தது என்று எனக்கே நம்ப முடியவில்லை.

மகன் செத்துப்போனான் என்று தாய் நினைத்து அழுகிறாவாம், அறிவிக்காமல் விடுவது பாவம் என்றார் அக்கா. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கெஞ்சி இரண்டு கிழமை தவணை வாங்கினேன். உன்னிடம் ஓடி வந்து, அண்ணையிடம் சொன்னால் இந்தக் குளிரில் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார், கால் போய்விடும், சொல்லாமல் விடுவோம் என்றேன். மறைத்தால் நம்மை இனி நம்பவே மாட்டார் என்றாய் நீ. அந்தச் செவ்வாய்க்கிழமை தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கப்பைக் கழுவி வைத்துவிட்டுச் சொன்னாய்:

"அண்ணா, அம்மா உங்களத் தேடுறாங்களாம். உங்க ஊரு எங்களுக்குத் தெரியாது, தெரிஞ்சுக்கவும் மாட்டோம். எழுதணும்னா நீங்களே எழுதுங்க. எழுதலேன்னாலும் அடுத்த செவ்வாக்கிழமை நாங்க வருவோம்."

அண்ணை கதவடியில் இருந்த பையைப் பார்த்தார். அந்தக் கிழமை முழுக்க, லோறன்ஸ் பஸ்ஸில் வேலைக்கு வரும்போது இறங்கி, அந்த வீட்டு வழியாக நடந்து போனோம். யன்னல் திரை விலகியிருந்தால் ஆள் இருக்கிறார் என்று கணக்கு. ஒவ்வொரு நாளும் அந்த முடக்கில் திரும்பும்போது நீ என் கையைப் பிடிப்பாய். ஒவ்வொரு நாளும் திரை விலகியிருந்தது.

செவ்வாய்க்கிழமை கதவைத் திறந்தார். கதவடியில் பை இல்லை. கட்டிலில் உடுப்பு மடித்துக் கிடந்தது. மேசையில் மூன்றாவதாக ஒரு கப், கிழவியிடம் வாங்கியதாம். ஓரத்தில் சிவப்பும் நீலமும் கோடு போட்ட எயார்மெயில் உறை ஒன்றை, தபாலில் போடச் சொல்லி என்னிடம் நீட்டினார். உன்னிடமில்லை, என்னிடம். பின்பக்கம் மேலே இருந்தது. அதில் வெக்ஸ்போர்ட் வீட்டு முகவரியை, அனுப்புநர் என்று போட்டு, குண்டு குண்டாக எழுதியிருந்தார்.

தபால்பெட்டிவரை எத்தனை அடி இருக்கும்? ஒரு திருப்புத் திருப்பினால் ஊர் தெரிந்துவிடும். கை அரித்தது, பொய் சொல்லமாட்டேன். நீ என்னைப் பார்க்கக்கூட இல்லை, தூரத்தில் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றாய். அவ்வளவு நம்பிக்கை உனக்கு என்மேல். உறையைத் திருப்பாமலே போட்டேன். அன்று மத்தியானம் மில்லிக்கன் அக்காவுக்குப் போன் எடுத்து, மகனே எழுதிவிட்டார் என்றேன். அவர் அழுதார். நானும்தான்.

ஒன்பது மாதத்துக்கென்று போன வேலை, என்னை இன்னும் விடவில்லை. புதிதாக வேலைக்கு வருகிற எங்கட பிள்ளைகள் ஊர் கேட்கத் தொடங்கினால் மேசைக்குக் கீழே என் கால் தானாக நீளுகிறது. படி ஏறுவாரா, யன்னல் வேண்டுமா என்று முதலில் கேள் என்கிறேன். அது உன் குரல்போலவே வருகிறது. சாவியோடு இரண்டு கப் கொடுக்கிறேன். இவ்வளவு சீக்கிரம் போனதற்கு உன்மேல் கோபமும் இருக்கிறது, அதையும் எழுதி வைக்கிறேன்.

சரி, சொல்ல வந்தது இதுதான். உன்னுடைய இறுதிச் சடங்குக்கு அண்ணை வந்திருந்தார். எழுபது தாண்டிவிட்டது. பொல்லு ஊன்றி, ஆனால் இரண்டு பாதத்திலும் நடந்து வந்தார். பின்வரிசையில் என் பக்கத்தில் வந்து இருந்தார். நான் வழக்கம்போல ஒன்றும் கேட்கவில்லை. கனநேரம் உன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என் பக்கம் குனிந்து தன் ஊரின் பெயரைச் சொன்னார். உங்களுக்கு அவடம் தெரியும்தானே என்றார். தெரியும் அண்ணை என்றேன்.

"அந்தப் பிள்ளைக்குச் சொல்லவேணும் எண்டு எத்தினை தரம் வாயெடுத்தனான், தங்கச்சி. அவவுக்கு விளங்காது எண்டு விட்டிட்டன்."

சிரித்தார், பிறகு அழுதார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது எந்த ஊர் என்று இதில் எழுதமாட்டேன். நீ ஒருநாளும் கேட்கவில்லையே.