ஹீட்டரில் படிந்த சுண்ணாம்பு

நாலந்தாச் சந்தியில் ஆஸ்பத்திரி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஜஸ்லா அபாயாவைப் போட்டுக்கொண்டு, தூங்கும் கணவருக்கு நின்றபடியே ஒரு சீட்டு எழுதினாள். ராத்திரி சரியான தூக்கமில்லை. அவரோடு நேற்றுப் போட்ட சண்டை இன்னும் ஆறவில்லை. ஆனாலும் ஸலாம் சொல்லித்தான் ஆரம்பித்தாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும். சோறும் பருப்பும் மூடி வெச்சிருக்கேன். மீன் தொட்டி ஹீட்டர்ல படிஞ்ச சுண்ணாம்புக்கு, டாய்லட் கழுவுற அசிட்டை எடுக்க வேணாம். கரண்ட் பிளக்கைக் கழட்டி, சூடு நல்லா ஆறினப்பிறகு வெளிய எடுத்து, வினாகிரில ஊறப் போடுங்க. பிளீச்சைக் கிட்டயும் கொண்டு வராதீங்க, ரெண்டும் சேந்தா மூச்சடைக்கும். நல்லாக் கழுவித்தான் திரும்ப வைக்கணும். அச்சாறு ஊறப் போடக் கொஞ்சம் வினாகிரி மிச்சம் வைங்க."

பஸீர் எழுந்ததும் முதலில் பார்ப்பது மீன்களைத்தான். அதனால் சீட்டைத் தொட்டிக் கண்ணாடியிலேயே ஒட்டினாள்.

செருப்பை மாட்டியவள் திரும்பி வந்தாள். கிணற்றுத் தண்ணீர் சரியில்லை, குடிக்க ஃபில்டர் தண்ணீர் வாங்குவோம் என்று அவள் மாதக்கணக்காகக் கேட்டும் அசையாத மனிதர், ஹீட்டர் வெளுத்ததைப் பார்த்துவிட்டு நேற்று இரண்டு கேன் தூக்கி வந்திருந்தார். மீனுக்கு.

சீட்டின் அடியில் நெருக்கி எழுதினாள்:

"இன்னைக்கு என்ட கிட்னி ரிப்போர்ட் தருவாங்க. ஒரு கேனைக் குடிக்க, சமைக்கக் குசினிக்கு எடுத்துட்டேன். மீன் கேட்டா, நான்தான் எடுத்தேன்னு சொல்லுங்க."