பச்சை லேபல் கசற்றில் மிச்சம்

செவ்வாய் 4
மழை விடவில்லை. லிங்கநகர் ஒழுங்கையில் கணுக்கால் தண்ணீர். பேஸ் கிற்றார் பெட்டிக்குள் பூஞ்சணம். துடைக்க வேண்டும். துடைத்து என்ன? ஞாயிறு கல்யாணத்தோடு நிறுத்துகிறேன் என்று சேகரிடம் சொல்லியாயிற்று. இசைக்குழு அவனுடையது. முப்பது வருடமாக அவனுக்குப் பின்னால் நின்று வாசிக்கிறேன். "வடிவா யோசிச்சுச் சொல்லு" என்றான். யோசித்துத்தான் சொன்னேன். திங்கட்கிழமை கிளிவெட்டியிலிருந்து ஒருவர் கிற்றாரை வாங்க வருகிறார்.

அலுப்பு. வாசிக்கும்போது பாட்டே காதில் விழுவதில்லை. எப்போது முடியும் என்ற நினைப்பு மட்டும்.

அக்காவின் மகள் தர்ஷினி ஃபோன் எடுத்தாள். இணையப் பத்திரிகையில் வேலை. "மாமா, உங்களுக்குப் பிடிச்ச அஞ்சு அல்பம் எழுதித் தாங்கோ. ஒவ்வொண்டும் ஒவ்வொரு வகையா இருக்கோணும். சனிக்கிழமைக்குள்ள." ஏலாது என்று சொல்ல வாய் வரவில்லை.

புதன் 5
பட்டியல்.

1. வீணை. அட்டை கிழிந்து வாசித்தவரின் மூக்கு மட்டும் மிச்சம். காய்ச்சலில் கேட்க நல்லது.
2. பைலா, ஆட்டப் பாட்டு. அட்டையில் ஒரே மாதிரிச் சட்டை போட்ட அண்ணன் தம்பி. கொழும்பு பஸ்ஸில் ஐந்து தடவை. ஆறாவது தடவையும் கேட்கலாம்.
3. ஜாஸ். துறைமுகத்தில் ஒரு மாலுமி இரண்டு செவ்விளநீருக்குத் தந்தது. அட்டை என்ன மொழியென்று இன்றுவரை தெரியாது.
4. இஸ்லாமியப் பாட்டு. ரபான் மேளமும் ஒரு குரலும். வேறொன்றும் தேவையில்லை.
5. பச்சை லேபல் கசற். பதினாறு வயதில் ஹமீது நானாவின் ரெக்கோடிங் பார் கடையில் எடுத்தது. வெறும் கசற்றையும் பாட்டு லிஸ்ட்டையும் கொடுத்தால் பதிந்து தருவார். இரண்டாம் பக்கக் கடைசியில் ஒரு கிற்றார், ஓர் அரபுப் பாட்டு, ஒரு புல்லாங்குழல். ஒன்றுக்குள் ஒன்று இறங்கும். அதைக் கேட்டுத்தான் பேஸ் பழகினேன். அந்த மூன்றும் எந்த அல்பமோ, பெயர் தெரியாது.

அந்தக் கடைசி மூன்றை மட்டும் போட்டு, ஃபோனில் பதிந்து தர்ஷினிக்கு அனுப்பினேன். பெயரை அவள் கண்டுபிடிக்கட்டும்.

வியாழன் 6
வெயில். உடுப்பெல்லாம் காய்ந்தது.

தர்ஷினி: "மாமா, அது மூண்டும் மூண்டு நாட்டுப் பாட்டு. மூண்டு பேரும் வேற வேற ஆக்கள். அப்பிடி ஒரு அல்பமே இல்லை."

முப்பத்தைந்து வருடமாக, ஒரே ஆள் செய்தது என்று எல்லோரிடமும் அளந்து திரிந்திருக்கிறேன். வெட்கம். யார்மேல் என்று தெரியாத கோபமும். இருந்த ஒன்றும் இல்லையென்றால், கிற்றாரை இன்றைக்கே கொடுக்கலாம்.

சனி 8
கிண்ணியா பஸ். நிற்க மட்டும் இடம். ஹமீது நானா மகள் வீட்டில், முன் விறாந்தையில் கதிரையில் இருந்தார். என்னை மட்டுக்கட்டக் கொஞ்ச நேரம் எடுத்தது. கசற்றைக் காட்டி, கடைசிப் பதினொரு நிமிடத்தைப் பற்றிக் கேட்டேன். சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

"ஒங்கட பாட்டு முடிஞ்சும் பதினொரு நிமிசம் மிச்சம் கிடந்திச்சு போல தம்பி. சும்மா விட்டா சனம் கோவிக்கும். எனக்குப் புடிச்சதப் போட்டுட்டன். கேக்காமப் போட்டது பிழைதான்."

எல்லோருக்கும் போட்டீர்களா என்று கேட்டேன்.

"ஓம். ஆளுக்கொரு விதமா. ஒருத்தரும் வந்து அதப்பத்திக் கதைக்கல்ல. அவங்கட பாட்டு முடிஞ்ச ஒடன நிப்பாட்டியிருப்பாங்க."

பிறகு, "நீங்க கேட்ட பாட்டு என்னென்ன தம்பி?"

யோசித்தேன். ஒன்றுகூட நினைவில் இல்லை.

"இதைக் கேட்டுத்தான் நானா நான் வாசிக்கப் பழகினனான்" என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கசற்றைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். மகள் கொண்டுவந்த தேத்தண்ணி ஆறிப்போனது.

திரும்பும் பஸ்ஸிலிருந்தே தர்ஷினிக்கு: 5. மிச்சப் பதினொரு நிமிடம். ஹமீது நானா, கிண்ணியா. கடையில் கிடைக்காது.

"வகை என்ன மாமா?" என்று பதில் வந்தது.

ஞாயிறு 9
கல்யாண மண்டபம். வழக்கமான பாட்டுகள். முழங்கால் நோவு. இடையில் சேகர் காதுக்குள்: "பொம்பிளை சீலை மாத்தப் போயிட்டா. பத்து நிமிசம் இருக்கும். சும்மா விடாதை, எதையாவது வாசி."

கிற்றார், அரபுப் பாட்டு, புல்லாங்குழல். மூன்றையும் பேஸில், தனியே. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் ஐஸ்கிரீமில். எனக்குத் தந்தியின் ஒவ்வொரு தட்டலும் கேட்டது. பெண் வந்து உட்கார்ந்த பிறகும் நிறுத்தவில்லை. சேகர் முறைத்தான்.

கிளிவெட்டிக்காரர் நாளைக்கு முதல் பஸ்ஸில் வெளிக்கிடுவார். அதற்கு முன் ஃபோன் எடுத்து, வர வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.