கெட்டில் இருந்த மேசை

ஜூலை 8, செவ்வாய்

என் அறைக் கதவில் 'மாணவர் ஆலோசனை' என்று பலகை. உள்ளே ஆசிரியர்களின் டீ கெட்டில். தண்ணீர் கொதித்ததா என்று ஆள் மாற்றி ஆள் எட்டிப் பார்க்கிறார்கள். இன்று அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருவழியாக வாயைத் திறந்தாள். "அம்மா வீட்டை விட்டுப் போய்ட்டாங்க மிஸ். யாருக்கும் தெரியாது." அந்த நேரம் பார்த்துக் கணக்கு டீச்சர் கோப்பையோடு நுழைந்தார்.

ஜூலை 9

வகுப்பிலேயே சொல்லிவிட்டாராம் கணக்கு டீச்சர். "பாவம், அம்மா விட்டுட்டுப் போய்ட்டாங்க. எல்லாரும் அவகிட்ட அன்பா இருங்க." எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. போய்க் கேட்டால், "நல்லதுக்குத்தானே சொன்னேன்" என்கிறார். நல்லதாம்! உங்க வீட்டுக் கதையை நான் மைக்ல சொல்லட்டுமா? — கேட்கவில்லை.

ஜூலை 10

வராந்தாவில் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான்தான் சொன்னேன் என்று நினைக்கிறாள். வேறென்ன நினைப்பாள்?

ஜூலை 11, வெள்ளி

கெட்டிலை மாற்றச் சொல்லித் தலைமையாசிரியரிடம் போனேன். "நாலு நல்ல வார்த்தை சொல்றதுக்குத் தனி அறையே அதிகம்மா" என்று சிரிக்கிறார். நல்ல வார்த்தையைச் சுவரில் எழுதிப்போட்டால் போதுமே, நான் எதற்கு? என் வேலை கேட்பது. சந்தை நடுவில் உட்காரவைத்து மனசைத் திற என்றால் எந்தப் பிள்ளை திறக்கும்?

வீட்டில் இவர், "கெட்டிலும் கொதிக்குது, நீயும் கொதிக்கிற" என்றார். சிரிப்பு வரவில்லை. யோசனை ஒன்று வந்தது.

ஜூலை 14

கெட்டில், கோப்பைகள், சர்க்கரை டப்பா — எல்லாவற்றையும் தலைமையாசிரியர் அறையில் வைத்தேன். "என் ரூம்ல பிளக் வேலை செய்யல சார்." பச்சைப் பொய்.

ஜூலை 16

"நிம்மதியா ஒரு போன் பேச முடியல, ஆள் வந்துகிட்டே இருக்காங்க." சொன்னவர் தலைமையாசிரியர்.

ஜூலை 18, வெள்ளி

கெட்டில் ஆசிரியர் அறைக்குப் போய்ச் சேர்ந்தது. அவளை மாடிப்படியில் பிடித்தேன். "நான் யார்கிட்டயும் சொல்லல. ஆனா நாலு பேர் காதுல விழுற இடத்துல உன்னைப் பேச வச்சது நான்தான்." விறுவிறுவென்று இறங்கிப் போனாள். கோபம் இப்போது என் மேலேயே திரும்பியிருக்கிறது.

ஜூலை 24, வியாழன்

இன்று வந்தாள். கெட்டில் இருந்த மேசையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தானே கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். மணி அடிக்கும்வரை பேசினாள்.

என்ன பேசினாள் என்று இந்த முறை இங்கேகூட எழுதவில்லை.